வெளியே செல்லும் வாசல்

தைவானின் தலைநகர் தைபேயில் மாலை நேரமானால் பீத்தோவனின் ‘ஃபர் எலிஸ்’ மெட்டை ஒலித்தபடி மஞ்சள் நிறக் குப்பை லாரி தெருவுக்குள் நுழையும். அடுக்ககங்களிலிருந்து ஆட்கள் பையும் கையுமாக இறங்கி வந்து, லாரி நின்றதும் தாங்களே பையை உள்ளே வீசிவிட்டுப் போவார்கள். குப்பை தரையைத் தொடவே கூடாது என்பது 1990களின் பிற்பகுதியில் அந்த நகரம் எடுத்த முடிவு. 2000இலிருந்து மாநகராட்சி விற்கும் பையில் கட்டிக் கொடுத்தால்தான் வாங்குவார்கள். சமையல் கழிவுக்குத் தனி வாளி. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் கண்ணில் முதலில் படுவது இந்தச் சுத்தம். அடுத்துப் படுவது, தெருவில் நாய்கள் அரிதாக இருப்பது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கோழிக்கடைக் கழிவும் கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் தெருவில் கிடக்கும் வரை அவற்றைத் தின்று வாழ ஒரு நாய்க்கூட்டம் இருந்தே தீரும். தீனி நின்றால் கூட்டம் சுருங்கும். அதற்காக நாய்கள் அந்த ஊரை விட்டுப் போய்விட்டன என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளைத் தள்ளிப்போகும் வண்டியைப் போலவே செய்த வண்டிகளில், கத்தரித்துச் சீவிய பூடில் நாய்கள் பூங்காவுக்குப் போய்வருகின்றன. தைவானில் இப்போது ஓர் ஆண்டில் பிறக்கும் குழந்தைகளை விட, அந்த ஆண்டில் புதிதாகப் பதிவாகும் நாய்களும் பூனைகளும் அதிகம். நாயை இவ்வளவு விரும்பும் ஒரு நாட்டில், காப்பக நாய்களைக் கொல்லக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்ட ஒரு நாட்டில், அரசுக் காப்பகங்கள் ஏன் நிரம்பி வழிகின்றன என்பதுதான் இந்தப் பயணத்தில் தொடர்ந்து வரும் கேள்வி.

நமக்கும் இது வேண்டிய கேள்வி. 2025 ஆகஸ்ட் 11 அன்று, தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. பதினொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வெறிநோய் கண்டவையும் ஆக்ரோஷமானவையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நவம்பர் 7 அன்று வந்த அடுத்த உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அகற்றியவற்றை அங்கேயே திரும்ப விடாமல் இருக்கவும் சொன்னது. மூன்று மாதத்தில் நடந்த இந்த விவாதத்தில் ‘காப்பகம்’ என்ற சொல் நூறு முறை வந்தது. காப்பகத்துக்குள் போன நாய் பிறகு எங்கே போகும் என்ற பேச்சு மிகக் குறைவு. தைவான் அந்தக் கட்டத்தை ஏற்கெனவே கடந்து வந்த நாடு. அங்கே நடந்ததை வைத்துப் பார்த்தால், ஒரு காப்பகத்தின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் வெளியே செல்லும் வாசல்தான் என்பது என் முடிவு. அந்த வாசலைத் திறந்து வைத்திருப்பவர், எவரும் கேட்டு வாங்காத ஒரு வளர்ந்த நாட்டு நாயை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்.

தைவானின் அரசுக் காப்பகங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையிலோ மலையடிவாரத்திலோ கடற்கரைக் காற்றடிக்கும் வெற்று நிலத்திலோ இருக்கின்றன. கவுசியுங்கின் காப்பகங்களில் ஒன்று ஷோஷான் குன்றில். தாவோயுவானின் காப்பகம் ஷின்வு என்ற கடலோர வயற்புறத்தில். பேருந்து குறைவாக வரும் இடங்கள். நாயைக் கொண்டுபோய் விட நினைப்பவர் எப்படியும் வண்டி பிடித்துப் போய்விடுவார். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவருக்கு அந்தத் தூரமே போதிய தடை. உள்ளே உள்ள ஒவ்வொரு விலங்கைப் பற்றியும் அரசின் இணையதளத்தில் ஒரு பதிவு உண்டு: எண், பாலினம், நிறம், உடலளவு, பிடிபட்ட இடம், வந்த நாள், கருத்தடை ஆயிற்றா இல்லையா. பக்கம் பக்கமாகப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருவது ஒரே வகை நாய்தான்: கலப்பினம், கறுப்பு, நடுத்தர உடம்பு, வயது வந்தது. கூண்டுகளின் முன் நின்று பார்த்தாலும் அதே கதை. குட்டிகள் கம்பியில் மூக்கை நுழைத்து, முன்னங்காலால் பிறாண்டி, வருகிறவர் விரலை நக்கப் பார்க்கும். மூன்று நான்கு வயது நாய் பின்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும். வாலை அடியில் சுருட்டியிருக்கும். நேராகப் பார்க்காமல் கண்ணைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும். ஆள் நகர்ந்த பிறகு எழுந்து வந்து, அவர் நின்ற இடத்தை மோந்து பார்க்கும். அதற்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. முன்னே வரும் துணிச்சல் மட்டும் இல்லை. வருகிறவர் ஒரு கூண்டின் முன் நிற்பது சில நொடிகள். அந்த நொடிகளில் இந்த நாய் தன்னைப் பற்றி எதையும் சொல்லிக்கொள்ள முடியாது.

தைபேயிலிருந்து தெற்கே அதிவேக ரயிலில் போனால் சாங்ஹுவா மாவட்டம் வரும். அங்கே யுவான்லின் ஊரில் இருந்த காப்பகத்தில்தான் ‘பன்னிரண்டு இரவுகள்’ என்ற ஆவணப்படம் எடுக்கப்பட்டது. 2013 நவம்பரில் திரையரங்குகளில் வெளியானது. பிடித்து வரப்பட்ட நாயை யாரும் கேட்டு வராவிட்டால் பன்னிரண்டு நாளில் ஊசி போட்டுக் கொன்றுவிடுவது அப்போது வழக்கம். அந்தப் பன்னிரண்டு நாளைத்தான் படம் காட்டியது. பார்த்தவர்கள் அழுதார்கள், கோபப்பட்டார்கள், சட்டத்தை மாற்றச் சொன்னார்கள். 2015 ஜனவரியில் நாடாளுமன்றம் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. இடமில்லை, ஆள் வரவில்லை என்ற காரணத்துக்காகக் கொல்லும் பிரிவு நீக்கப்பட்டது. காப்பகங்கள் தயாராக இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டு, 2017 பிப்ரவரி 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நாய், பூனை இறைச்சி உண்பதையும் தைவான் தடை செய்தது. ஒரு திரைப்படம் நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் சட்டத்தை மாற்ற உதவியது என்பது பெரிய காரியம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து அழுத கூட்டத்தின் அளவுக்கு, அதே வாரத்தில் காப்பகத்துக்குப் போய் ஒரு வளர்ந்த நாயைக் கொண்டுவந்த கூட்டம் இருந்திருந்தால், நீக்கப்பட்ட அந்தப் பிரிவுக்கு வேலையே இருந்திருக்காது.

அந்த இரண்டு ஆண்டு அவகாசத்தில் நடந்த ஒரு துயரத்தைச் சொல்லாமல் ஷின்வுவைக் கடந்து போக முடியாது. அந்தக் காப்பகத்தின் பொறுப்பில் ஓர் இளம் பெண் கால்நடை மருத்துவர் இருந்தார். அரசுத் தேர்வில் முதலிடம் பெற்றவர். விலங்குகள் மேல் உள்ள பிரியத்தால் அந்த வேலையை விரும்பிக் கேட்டு வாங்கியவர். நாய்களைக் கடையில் வாங்காமல் காப்பகத்திலிருந்து எடுத்துப் போங்கள் என்று சொல்வதற்காகத் தொலைக்காட்சியில் தோன்றி, காப்பகத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒளிக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் கசாப்புக்காரி என்று வசைபாடினார்கள். 2016 மே மாதம், நாய்களுக்குப் போடும் அதே மருந்தைத் தனக்குச் செலுத்திக்கொண்டு அவர் உயிரை விட்டார். கொலை மருந்தை ஏற்றியது அவர் கை. அந்த நாயைக் கொண்டுவந்து விட்டவர், குட்டி போடவிட்டுத் தெருவில் தள்ளியவர், கடையில் வாங்கிய நாயைக் கொஞ்சிக்கொண்டே அவரை ஏசியவர் எல்லோரும் தத்தம் வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள். கொல்லக் கூடாது என்ற சட்டம் இந்த வேலையை ஊழியர்கள் தலையிலிருந்து இறக்கியது. நான் அந்தச் சட்டத்தை முழுமையாக ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான். ஆனால் இறக்கிய சுமையை யார் ஏற்பது என்று சட்டம் சொல்லவில்லை. குடிமக்கள் ஏற்பார்கள் என்று நம்பியது.

அந்த நம்பிக்கையை எளிய கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கூண்டில் ஒரு நாய் ஒரு மாதம் தங்கிப் பிறகு ஒரு வீட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் அந்தக் கூண்டு 120 நாய்களுக்கு உதவியிருக்கும். அதே கூண்டில் யாரும் கேட்காத ஒரு நாய் வந்து சேர்ந்து, கொல்லவும் கூடாது, கொடுக்கவும் ஆள் இல்லை என்ற நிலையில் தன் ஆயுள் முழுக்க அங்கேயே கிடந்தால், பத்து ஆண்டில் அந்தக் கூண்டு ஒரே ஒரு நாய்க்கு உதவியிருக்கும். மீதி 119 நாய்களுக்கு இடமில்லை என்ற பதில்தான். ஆயிரம் கூண்டு கட்டினாலும் வெளியே போவது நின்றுவிட்டால் சில ஆண்டில் ஆயிரமும் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தால் புதிதாக எந்த நாய்க்கும் பயன் இல்லை. தைவானில் 2017க்குப் பிறகு நேர்ந்தது இதுதான். இடம் தீர்ந்த காப்பகங்கள் பிடிப்பதைக் குறைத்துக்கொண்டன. கடித்தவை, நோயுற்றவை, அடிபட்டவை என்று தேர்ந்தெடுத்துப் பிடித்தன. அரசின் மதிப்பீட்டில் 2018இல் நாடு முழுவதும் சுமார் 1,47,000 ஆக இருந்த தெருநாய்கள் 2022இல் ஏறத்தாழ 1,60,000 ஆயின. நகரத்துத் தெருவில் அருகிப்போன நாய்கள் ஊரோரங்களிலும் மலைகளிலும் பெருகின. ஆகவே தத்து என்பதை ஒரு நாய்க்குச் செய்யும் நல்லது என்று மட்டும் பார்ப்பது போதாது. கூண்டை விட்டுப் போகும் ஒவ்வொரு நாயும் அடுத்து வரும் நாய்க்கு இடம் விட்டுப் போகிறது. இந்தக் கணக்கில் குட்டியும் வளர்ந்த நாயும் சமம் இல்லை. குட்டிக்கு எப்படியும் ஆள் வந்துவிடும்; ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் எடுப்பார். பின்சுவரில் உட்கார்ந்திருக்கும் நாயை எடுக்கிறவர்தான் அடைபட்டுப்போன கூண்டைத் திறக்கிறார்.

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு, வளர்ந்த நாய் புது வீட்டில் ஒட்டாது, அதன் பழைய வாழ்க்கை நமக்குத் தெரியாது, குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஆபத்து என்பது. அச்சம் நியாயமானது; நாய் கடித்தால் விளையாட்டல்ல. ஆனால் குட்டியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? கலப்பினக் குட்டி எவ்வளவு உயரம் வளரும், எப்படிக் குரைக்கும், அந்நியரைப் பார்த்தால் என்ன செய்யும் என்பதெல்லாம் ஊகம். வளர்ந்த நாயின் உடம்பும் குணமும் கண் முன்னே இருக்கின்றன. உணவுத் தட்டின் அருகே கை போனால் உறுமுகிறதா, மற்ற நாயைக் கண்டால் பாய்கிறதா, சங்கிலி கட்டினால் நடக்கிறதா, தனியாக விட்டால் ஊளையிடுகிறதா என்பதையெல்லாம் தினமும் அதற்குச் சோறு வைக்கும் ஊழியர் சொல்லிவிடுவார். அந்த ஊழியரிடம் பேச நேரம் ஒதுக்காமல், கண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்து வந்த நாய்கள்தான் பெரும்பாலும் திரும்ப வருகின்றன. ஒட்டாது என்பதற்கு தைவானிலேயே எல்லோரும் அறிந்த மறுமொழி உண்டு. அதிபராக இருந்த சாய் இங்-வென் 2016இல் தத்தெடுத்தவை மூன்று ஓய்வுபெற்ற வழிகாட்டி நாய்கள். பெரிய உடம்பு, முதிர்ந்த வயது, வேறொருவரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பழகியவை. அவை பயிற்சி பெற்றவை, தெருவிலிருந்து பிடிபட்டவை அல்ல என்பது உண்மை. ஆயினும் வயதான நாய் புது மனிதரை ஏற்காது என்ற வாதத்துக்கு அவை போதுமான பதில்.

இரண்டாவது மறுப்பு கனமானது: தைபே போன்ற நகரத்தில் வீடுகள் சிறியவை, பெரிய நாயை எங்கே வைப்பது? இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அந்த நகரத்து மெட்ரோவில் நாயை ஏற்றலாம். ஆனால் பெட்டிக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ முழுதாக அடங்க வேண்டும், அந்தப் பெட்டிக்கும் அளவு உண்டு. வழிகாட்டி நாய் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பதினெட்டுக் கிலோ எடையுள்ள கறுப்பு நாய் அந்தப் பெட்டியில் அடங்காது. கார் இல்லாத குடும்பத்தால் அதைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போவதே பாடு. வாடகை வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். மாடியில் குடியிருப்பவர் தினம் இரு வேளை கீழே இறக்கி நடத்த வேண்டும். இவையெல்லாம் உண்மையான தடைகள். ஆனால் கவனித்துப் பார்த்தால் இவற்றில் பாதிக்கு மேல் விதிகள், விதிகள் மாற்றக்கூடியவை. காப்பகத்தை ஊருக்கு வெளியே தள்ளி வைத்ததும், ரயிலில் ஏற்றும் நாய்ப் பெட்டியின் அளவை வகுத்ததும், வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி கூடாது என்று எழுதுவதும் மனிதர்கள் செய்த ஏற்பாடுகள். கொல்லாதே என்று ஒரே நாளில் சட்டம் போட முடிந்த ஓர் அரசு, நாயோடு வாழ்வதை எளிதாக்கும் பத்துச் சிறிய விதிகளையும் அதோடு மாற்றியிருக்க வேண்டும். இன்னொன்று: சிறிய வீட்டில் பெரிய தொல்லை தருவது, கிடைத்ததையெல்லாம் கடித்து, கண்ட இடத்தில் சிறுநீர் கழித்து, இரவெல்லாம் விழித்திருக்கும் குட்டிதான். ஆறு வயது நாய் நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும்.

தாவோயுவான் விமான நிலையத்தில் இந்த விவாதத்துக்கு எதிர்பாராத ஒரு சாட்சி கிடைக்கிறது. வட அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் ஏறும் பயணிகள் சிலர், தங்களுக்குச் சொந்தமில்லாத நாயைத் தங்கள் பெயரில் பதிந்து உடன் கொண்டுபோகிறார்கள். தைவானின் தன்னார்வக் குழுக்கள் ஏற்கெனவே அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்து, மைக்ரோசிப், தடுப்பூசி, காகிதங்கள், கூண்டு எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருப்பார்கள். பயணி செய்ய வேண்டியது, வரிசையில் கூட நின்று கையெழுத்திட்டு, மறுமுனையில் வந்து காத்திருப்பவரிடம் ஒப்படைப்பது. அந்தக் கூண்டுகளில் போகிறவை எவை? தைபேயில் யாரும் எடுக்காத அதே நடுத்தர உடம்புக் கறுப்பு நாய்கள். மூன்று காலோடு நடப்பவையும் அவற்றில் உண்டு. பசிபிக் கடலுக்கு அப்பால் அதே நாய் ஒரு வீட்டின் செல்லம். ஆக, குறை நாயிடம் இல்லை. ஓர் ஊரில் அழகு என்றும் தகுதி என்றும் பழகிப்போன கண்ணோட்டத்தில்தான் இருக்கிறது. இந்த ஏற்றுமதி தீர்வாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செலவு அதிகம், போகும் எண்ணிக்கை சிறிது. தன் தெருவில் பிறந்த நாய்க்குத் தன் ஊரில் வீடு இல்லாமல் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்புவதை எந்த நாடும் கொள்கையாகக் கொள்ள முடியாது.

மூன்றாவது மறுப்பை முகத்துக்கு நேரே எதிர்கொள்ள வேண்டும். கொன்றபோது எண்ணிக்கை குறைந்தது, கொல்வதை நிறுத்தியதும் கூடியது, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று தைவானிலேயே பலர் கேட்கிறார்கள். 1999இல் அங்கே தெருநாய்கள் ஆறரை லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். 2009இல் அது 85 ஆயிரத்துக்கு இறங்கியது. கணக்கெடுத்த முறைகள் வேறுபட்டதால் இந்த இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்றாலும், குறைந்தது உண்மைதான். ஆனால் அதே பத்தாண்டில்தான் தெருவிலிருந்து குப்பை காணாமல் போனது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டாயமும் 1998 நவம்பரில் வந்த சட்டத்தின் வழியே அப்போதுதான் பரவியது. ஊசியின் பங்கு எவ்வளவு, காலியான குப்பைத்தொட்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. மேலும், 2009க்கும் 2015க்கும் இடையில் கொல்லும் சட்டம் முழுமையாக நடப்பில் இருந்தபோதே மதிப்பீடு 85 ஆயிரத்திலிருந்து 1,28,000 ஆக ஏறியது. தீனியும் கருத்தடையில்லாத பெட்டை நாயும் இருக்கும் வரை, கொன்ற இடத்தைப் புது நாய்கள் வந்து நிரப்பும் என்பதற்கு நம் சென்னையை விடப் பெரிய சான்று உலகில் இல்லை. மதராஸ் மாநகராட்சி 1860இல் நாய்களைக் கொல்லத் தொடங்கியது. நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் அது நடந்தது. 1990களின் நடுவில் ஒரு நாளைக்கு நூற்றுக்கும் அதிகமான நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தார்கள். தெருவில் நாய் குறையவில்லை. 1959இல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் அமைப்பு பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பேரில், அதே ஆண்டுகளில் தென் சென்னையின் ஒரு பகுதியில் கொல்வதை நிறுத்திக் கருத்தடை செய்து விடும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னர் 2001இல் இந்தியா முழுமைக்கும் வந்த விதிகளுக்கு அந்த அனுபவம் வழிகாட்டியது.

கருத்தடை செய்து தெருவிலேயே விட்டால் காப்பகமே வேண்டாமே, தத்தும் வேண்டாமே என்று கேட்கலாம். இதற்குத் தைவானின் மலைகள் பதில் சொல்கின்றன. மியாவ்லி மாவட்டத்துக் குன்றுகளில், சில நூறு மட்டுமே எஞ்சியிருக்கும் சிறுத்தைப்பூனைகள் வாழ்கின்றன. நாய்க்கூட்டங்கள் அவற்றைத் துரத்திக் கொல்கின்றன. எறும்புத்தின்னி பயந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அதன் செதில் கவசம் காட்டு விலங்குகளின் பல்லுக்குத் தாங்கும். நாய் விடாமல் வாலைக் கடித்துக் குதறுகிறது. வால் அழுகி, அதை வெட்டி எடுக்க வேண்டிய நிலையில் மீட்பு மையங்களுக்கு எறும்புத்தின்னிகள் வருகின்றன. கருத்தடை செய்த நாய் குட்டி போடாது, ஆனால் வேட்டையாடும். நகரத்தில் ஆளறிந்த தெருவில், பெயர் சொல்லிக் கூப்பிட நாலு வீடு இருக்கும் நாயைக் கருத்தடை செய்து அங்கேயே விடுவது சரி. காட்டோரத்தில் விடுவது ஓர் உயிரைக் காப்பாற்ற இன்னோர் உயிரைப் பலி கொடுப்பது. நம் நாட்டில் இதோடு வெறிநோயும் சேர்கிறது. தைவானில் 2013இல் வெறிநோய் மீண்டும் தென்பட்டது, ஆனால் ஃபெரட் பேட்ஜர் என்ற சிறு காட்டு விலங்கில். இந்தியாவில் அதை மனிதருக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நாய். கடிபடுவோரில் குழந்தைகள் நிறைய. தெருவில் நாய் இருக்கட்டும் என்று சொல்லும் எவரும் அந்தக் குழந்தையின் பெற்றோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அதனால்தான், தெருவில் விட முடியாத நாய்களுக்கென்று ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடம் நிரம்பாமல் இருக்கத் தத்து வேண்டியிருக்கிறது.

உள்ளே வரும் வாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 திருத்தம் தைவானில் நாய் வளர்ப்போர் கருத்தடை செய்வதைக் கட்டாயமாக்கியது. செய்யாமலும் அரசிடம் காரணம் சொல்லி விலக்குப் பெறாமலும் இருந்தால் 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் தைவான் டாலர் வரை அபராதம். காகிதத்தில் இது கடுமையான சட்டம். நகரத்தில் ஓரளவு நடக்கிறது. ஊர்ப்புறத்தில், பழத்தோட்டத்துக்கும் மீன்குளத்துக்கும் காவலாக அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாய்கள்தான் புதிய குட்டிகளின் பெரிய ஊற்று. சொந்தக்காரர் உண்டு, ஆனால் கட்டிப்போடுவதில்லை, பதிவும் இல்லை. அந்தத் தோட்டத்து நாய்க்கு இலவசமாகக் கருத்தடை செய்ய ஊர் ஊராக வண்டி போகும் இடங்களில் காப்பகத்துக்கு வரும் குட்டிகள் குறைகின்றன. தத்தெடுப்பவர்கள் எவ்வளவு பேர் முன்வந்தாலும் இந்தக் குழாயை மூடாவிட்டால் பயன் நிலைக்காது. அதற்காக, முதலில் குழாயை மூடுங்கள், தத்தைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். இன்று கூண்டில் இருக்கும் நாய்க்குப் பத்து ஆண்டு கழித்து வரப்போகும் பலன் எட்டாது.

2024இல் எடுத்த கணக்கின்படி சென்னை மாநகரில் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். தைவான் நாடு முழுவதும் 2022இல் மதிப்பிட்டதை விட இது அதிகம். இத்தனையையும் அடைக்கக் காப்பகம் கட்ட யாராலும் முடியாது. முடியும் என்று பேசுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் பள்ளி வளாகத்திலிருந்தும் மருத்துவமனை வாசலிலிருந்தும் அகற்றப்படும் நாய்களுக்கு இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அந்தக் கட்டடங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, எத்தனை நாய் கொள்ளும் என்று எழுதுவதோடு, மாதம் எத்தனை நாய் வெளியே போக வேண்டும், அதற்கு எத்தனை ஊழியர், பேருந்து வரும் இடத்தில் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதையும் மாநகராட்சிகள் எழுத வேண்டும். நாட்டு நாய் நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. பனிப்பிரதேசத்து ஹஸ்கியைக் குளிரூட்டிய அறையில் வைத்துக் காப்பாற்றுவதோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆயினும் தத்து முகாம்களில் குட்டிகள் போனபின் மிஞ்சுவது தைபேயில் மிஞ்சும் அதே நாய்கள்தான்.

அவற்றில் ஒன்றை அழைத்துவர முடிவு செய்பவருக்குக் காப்பகம் தர வேண்டியவை சில உண்டு. எப்போது வந்தது, எங்கே பிடிபட்டது, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் எந்தத் தேதியில், சோற்றின் அருகே எப்படி நடந்துகொள்கிறது, குழந்தைகளைப் பார்த்திருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கலாம். ஒரே நாளில் எடுத்து வராமல், வெவ்வேறு நாளில் போய், கூண்டுக்கு வெளியே சங்கிலியில் கட்டிக் கொஞ்ச தூரம் நடத்திப் பார்ப்பது நல்லது. கூண்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்த நாய் திறந்த வெளியில் வேறு நாயாக இருக்கும். வீட்டுக்கு வந்த முதல் சில நாள் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கலாம், ஆள் இருக்கும்போது தட்டைத் தொடாமல் இரவில் வந்து தின்னலாம். உறவினரை அழைத்துக் காட்டுவதையும் குளிப்பாட்டுவதையும் தள்ளிப்போட்டு, வேளைக்குச் சோறும் ஒரே பாதையில் நடையும் என்று பழக்கினால், வாரக்கணக்கில் மெல்லத் தெளியும். மாதங்கள் எடுக்கும் நாய்களும் உண்டு. எவ்வளவு முயன்றும் ஒத்துவராமல் போனால், கேள்வி கேட்டு அவமானப்படுத்தாமல் அதைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் காப்பகமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது அவசியம். திரும்பி வரும் நாயோடு, பூனை உள்ள வீடு அதற்கு ஆகாது, பட்டாசுச் சத்தத்துக்கு மிரள்கிறது, மாடிப்படி ஏறப் பயப்படுகிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாத செய்தி ஒன்றும் வருகிறது. அதை அட்டையில் எழுதி வைத்தால், தரைத்தளத்தில் பூனை இல்லாத வீட்டுக்காரர் ஒருவரை அதற்கெனத் தேடத் தொடங்கலாம்.